கீறலின் இலக்கணம்

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவரைக் 'கீறல் விழுந்த ரிக்கார்டு' என்று வைகிறோம். இசைத்தட்டுகள் பெரும்பாலான வீடுகளை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆன பின்னும் வசை மட்டும் தங்கிவிட்டது. ஆனால் இந்த வழக்கு அறிந்திருப்பது ஒரேயொரு வகைக் கீறலை. முள் முன்னேற முடியாமல் ஒரே வட்டத்தில் சிக்கிச் சுழலும் கீறல் அது. தட்டுகளைக் கையிலெடுத்துப் பழகியவர்களுக்குக் கீறல் ஒன்றல்ல, பல. கண்ணுக்குத் தெரிந்து காதுக்குக் கேட்காதது உண்டு. காதுக்குக் கேட்டுக் கண்ணுக்குத் தெரியாத சேதமும் உண்டு. பின்னதுதான் கொடியது.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்க நேர்ந்தது செங்கோட்டையில் இருந்த என் பெரியப்பாவால். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மறைந்தபின் பெரியம்மா வீட்டை ஒழித்துக்கொண்டு மகளிடம் போக வேண்டியிருந்தது. மர அலமாரியில் நூற்றுச் சொச்சம் இசைத்தட்டுகள். "ஐயா, இதோட அருமை தெரிஞ்சவுகளுக்குக் குடு. சும்மா குடுத்துராத. ஒங்க பெரியப்பா வயித்தக் கட்டி வாங்குனது" என்றார் பெரியம்மா. அருமை தெரிந்தவர்கள் தென்காசியில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஆகவே இணையத்தில்தான் விற்க வேண்டும். வாங்குபவர் தட்டைப் பார்க்க முடியாது, தொட முடியாது. விற்பவன் எழுதும் நாலு சொல்லை நம்பிப் பணம் அனுப்புகிறார்.

அந்தச் சொற்களுக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. 1974இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'கோல்ட்மைன்' என்ற இதழின் தரப்பட்டியலையே உலகெங்கும் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். மிண்ட், நியர் மிண்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று அது இறங்கிச் செல்லும். இங்கே 'வெரி குட்' என்றால் மிக நன்று என்று பொருளில்லை. மெல்லிய இசைப் பகுதிகளில் இரைச்சல் கேட்கும், நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருக்கும் என்று பொருள். விலையும் நியர் மிண்ட் தட்டின் விலையில் கால் பங்குக்கு மேல் போகாது. 'குட்' என்பதோ, வேறு பிரதி கிடைக்காதவரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு நெருங்கியது.

நன்னூல் நடத்துபவனுக்கு இது வியப்பளிக்கவில்லை. காராட்டை வெள்ளாடு என்றும் சுடுகாட்டை நன்காடு என்றும் சொல்வதை மங்கலம் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லித் தருகிறேன். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. தட்டு வணிகர்களின் 'குட்' இவ்விரண்டும் ஆனது. மங்கலமாகப் பேசிக்கொள்ளும் குழூஉக்குறி. குழுவுக்குள் இருக்கும்வரை யாருக்கும் நட்டமில்லை. முதன்முறையாக வாங்கும் ஒருவர் அகராதிப் பொருளை நம்பினால்தான் வினை.

சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பொருளைப் பார்க்க எனக்குக் கற்றுத் தந்தவர் தென்காசியில் முன்பு மைக்செட் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒற்றை விளக்கின் கீழ்த் தட்டைச் சாய்த்து, மெதுவாகத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். நேர் வெளிச்சத்தில் பளபளக்கும் தட்டு சாய்ந்த ஒளியில் தன் சரித்திரத்தைக் காட்டிவிடுகிறது. உறையிலிருந்து உருவி உருவி விழுந்த மயிரிழைக் கோடுகள் வேறு, முள் தவறி இழுத்த வெட்டு வேறு. "நகம் தட்டுனா முள்ளும் தட்டும் சார்" என்றார். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் சிலந்திவலைபோல் கோடுகள் இருந்தால், தட்டை அச்சில் மாட்டத் துழாவியவர்களின் தடம் அது. எத்தனை முறை ஓடியிருக்கும் என்பதற்குச் சாட்சி.

குறுக்குக் கீறலை எண்ணவும் முடியும். எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுவதால் 1.8 விநாடிக்கு ஒரு 'டக்' கேட்கும். எத்தனை 'டக்' என்று எழுதிவிட்டால் வாங்குபவருக்கு எந்தப் பட்டியலும் வேண்டாம்.

ஆனால் தேய்மானத்தை எண்ண முடியாது. தேய்ந்த முள்ளும் கனத்த கையும் பள்ளத்தின் சுவர்களைச் சுரண்டிய தட்டு, விளக்கடியில் புதிது போலவே இருக்கலாம். ஓடவிட்டால்தான் தெரியும். அப்போதும் முதல் பாட்டைக் கேட்டு முடிவு செய்யலாகாது. விளிம்பில் விநாடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. வேகத்தில் முள்ளைக் கடக்கும் பள்ளம், மையத்தை நெருங்கும்போது 20 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே ஒலி குறைந்த இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருப்பதால் கடைசிப் பாட்டில்தான் பிசிறு முதலில் தட்டும். நான் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டையும் முழுதாகக் கேட்டே குறிப்பு எழுதினேன்.

கண் எதிர்த்திசையிலும் ஏமாற்றும். குற்றாலத்தில் ஒரு பழைய விடுதியின் மாடியறையில் கிடந்த எல்.பி.க்களைக் காண நேர்ந்தது. ஆண்டுதோறும் சாரல் குடித்து வெண்பூசணம் பூத்திருந்தன. எடைக்குப் போடுவதாக இருந்தார்கள். லேபிள் நனையாமல் மென்சோப்பு நீரில் கழுவி உலர்த்தியபின் பாதிக்கு மேல் சுத்தமாகப் பாடின. பூசணம் மேலே குடியிருந்ததே தவிர, பள்ளத்தைத் தேய்க்கவில்லை.

அரக்குத் தட்டுகளின் கதை வேறு. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய கிராமபோன் தட்டு, அரக்கோடு கல்பொடி கலந்து வார்த்தது. கைதவறினால் வளையல் போல் உடையும். ஸ்பிரிட்டால் துடைத்தால் அரக்குக் கரைந்துவிடும். எல்.பி. முள்ளில் ஓட்டினால் அகன்ற பள்ளத்தின் அடியை உரசி இரைச்சலையே எடுத்து வரும். அதற்கென்று மூன்று மடங்கு பருத்த முள் வேண்டும். எஃகு முள்ளைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும் என்பது அக்கால விதி. நம் வீடுகளில் ஒரே முள் பல நாள் உழைத்தது. பள்ளங்கள் சாம்பல் பூத்துப் போனதற்கு அதுவே காரணம்.

பெரியப்பாவின் அலமாரியில் அப்படிச் சாம்பல் பூத்ததில் முதன்மையானது, தாத்தா வாங்கிய எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டு. கிட்டப்பா 1906இல் செங்கோட்டையில் பிறந்தவர். அன்று அவ்வூர் திருவிதாங்கூரில் இருந்தது. 1933 டிசம்பரில், 27 வயதில் மறைந்தார். தமிழ் பேசும்படம் 1931இலேயே வந்துவிட்டபோதும் அவர் திரையில் இல்லை. மேடையில் கேட்டவர்களும் போய்விட்டார்கள். ஒலிபெருக்கியின் துணையின்றிக் கொட்டகையை நிறைத்த அந்த உச்ச ஸ்தாயிக் குரலுக்கு இந்த அரக்கு வட்டங்களே உடல். தேய்மானமோ, உரத்த இடங்களையும் உயர்ந்த சுரங்களையுமே முதலில் தின்கிறது. எதற்காக அவரை மீண்டும் மீண்டும் ஓடவிட்டார்களோ, அதுவே ஓட ஓடக் குறைந்துவந்தது. விரும்பாத தட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

அதைக் கேட்டு எழுதியவர் டொரண்டோவில் வாழும் யாழ்ப்பாணத்துப் பெரியவர். அவருடைய தகப்பனார் இளவயதில் கொழும்பில் கிட்டப்பாவின் நாடகம் பார்த்தவராம். தரம் என்ன என்று அவர் கேட்கவில்லை. "ஐயா, குரல் மேலே போகும் இடத்தில் உடைகிறதா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

'குட்' என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். வாய்பாட்டின்படி அது பொய்யும் அல்ல. நான் எழுதியது இது: விளிம்பில் இரண்டு சில்லு பெயர்ந்துள்ளது, பள்ளத்தைத் தொடவில்லை. ஒரு மயிரிழை விரிசல், தொடக்கத்தில் பதினோரு சுற்றுக்குத் தட்டுகிறது. இரைச்சல் முழுதும் உண்டு. குரல் உச்சத்துக்குப் போகும் மூன்று இடங்களில் இரண்டில் உடைகிறது, மூன்றாவது தப்பியிருக்கிறது. கூடவே, அந்த உடையும் பகுதியைக் கைப்பேசியில் பதிந்து அனுப்பினேன். தப்பிய இடத்தை அனுப்பவில்லை. விற்பவன் காட்ட வேண்டியது தட்டின் மிக மோசமான நிமிடம் என்றே நினைக்கிறேன். நல்ல நிமிடத்தை வாங்கியவர் தாமே கண்டுகொள்வார்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "அனுப்புங்கள். எங்கே உடையும் என்று தெரிந்துவிட்டது. அந்த இடங்களை அப்பா பாடிக் காட்டியதை வைத்து நிரப்பிக்கொள்வேன்."

இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே, அசையாதபடி பருத்தித் துணி சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாக வைத்துத் தென்காசித் தபால் நிலையத்தில் பதிந்தேன். முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

மற்றவையும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மிஞ்சியிருப்பது ஓர் எல்.பி. பள்ளி விழாவில் பெரியப்பாவுக்குப் பரிசாகக் கிடைத்த ஆங்கில உச்சரிப்புப் பாடம். சாய்ந்த ஒளியில் பார்த்தேன், ஒரு கோடு இல்லை. நடுத்துளையைச் சுற்றி ஒரு தடம் இல்லை. ஐயத்துக்கு இடமின்றி நியர் மிண்ட். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.