கருங்கல்லும் கை பிரேக்கும்

ஜூன் பிறந்தால் போதும், கூடப் படிக்கும் பயல்களிடமிருந்து ஒரே கேள்விதான். "மக்கா, சாரல் ஆரம்பிச்சிட்டா? அருவில தண்ணி விழுதா?" எங்கள் வீடு மேலகரத்தில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் அருவி நிலவரத்துக்கு நான்தான் அவர்களுடைய ஆஸ்தான நிருபர்.

ஆனால் சாரல் என்றதும் எனக்கு இப்போது முதலில் நினைவுக்கு வருவது அருவி இல்லை, எங்கள் காரின் கை பிரேக். பி.காம். படிக்கிறவனுக்கு பிரேக்கைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு வருசம் அதோடு மல்லுக்கட்டினேன் என்பதைத் தவிர வேறு யோக்கியதை ஒன்றும் இல்லை. :)

அப்பா தென்காசியில் சின்னதாக ஒரு எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். மூன்று வருசத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினார். முதல் சொந்தக்காரர் தூத்துக்குடிக்காரர். எந்தக் கம்பெனி கார் என்பது வேண்டாம். அப்பாவுக்கு அந்தக் காரில் ஒரே ஒரு பெருமை. "நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்குலே!" ஊரில் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்தான். நம்முடையது அப்படி இல்லை என்பதை கடைக்கு பல்பு வாங்க வருகிறவர்களிடம்கூடச் சொல்லிவிடுவார்.

போன வருசம் சீசனுக்கு சென்னையிலிருந்து அத்தை குடும்பம் வந்திருந்தது. எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம். சரிவாக இருந்த ஒரு இடத்தில் காரை நிறுத்தி, கை பிரேக்கை நன்றாக இழுத்துப் போட்டார் அப்பா. இரண்டு மணி நேரக் குளியல், அப்புறம் சூடாக மிளகாய் பஜ்ஜி. திரும்பும்போது வண்டி நகரவே மாட்டேன் என்றது. ஆக்சிலேட்டரை மிதித்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் வந்ததும் கருகல் வாடை. "எவனோ ரப்பரக் கொளுத்துதான்" என்றாள் ஆச்சி. இறங்கிப் பார்த்தால் கொளுத்துவது நாங்கள்தான். இடது பின்சக்கரம் அனலாகக் கொதித்தது.

நான் ரொம்பப் புத்திசாலித்தனமாக, கையில் இருந்த பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். புஸ்ஸ்ஸ் என்று ஆவி எழும்பியது. (தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். கொதிக்கிற டிஸ்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிப்போகலாம், விரிசலும் விடலாம். வண்டியை ஓரமாக நிறுத்தி, தானாக ஆறவிட வேண்டும்.)

எதற்கும் ஒரு 'டைரக்ட்' கனெக்‌ஷன் கொடுத்துச் சமாளிப்பதில் அப்பா கெட்டிக்காரர். இதற்கும் கொடுத்தார். "கை பிரேக்கே போட வேண்டாம். கியர்ல நிறுத்திட்டு சக்கரத்துக்கு ஒரு கல்லக் கொடுத்தா போச்சு." அன்றிலிருந்து டிக்கியில் ஒரு கருங்கல் குடியேறியது. வண்டி நின்றதும் இறங்கிக் கல் வைப்பதும், கிளம்பும்போது எடுப்பதும் என் இலாகா. காசி விஸ்வநாதர் கோயில் முன்னால், கல்யாண மண்டப வாசலில், ஆஸ்பத்திரியில் என்று எங்கே போனாலும் முதலில் நான் இறங்குவேன், கையில் கல்லோடு. சொந்தக்காரப் பயல்கள் 'கல்லு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். எட்டு மாதம் இப்படியே ஓடியது. எல்லோரும் சிரித்தோம். சிரித்துச் சிரித்து அது ஒரு கோளாறு என்பதையே மறந்துபோனோம்.

பிப்ரவரியில் ஒருநாள் காலை. எங்கள் வீட்டு வாசல் தெருவைவிட உயரம், கார் நிற்கிற இடம் சரிவு. தெருவில் இருந்த காரை நான்தான் உள்ளே ஏற்றினேன். நியூட்ரலில் போட்டுவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி நகரவில்லை. பாதி ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பின்பிரேக் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிசம்தானே என்று கல்லும் வைக்காமல் உள்ளே ஓடினேன், பையை எடுக்க.

ஆச்சி "ஏட்டீ!" என்று போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தங்கச்சி காருக்குப் பின்னால் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒதுங்கினாள். கார் மெதுவாக, அவசரமே இல்லாமல், சைக்கிள்மேல் ஏறி இறங்கி எதிர்வீட்டு மதிலில் முட்டி நின்றது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சைக்கிளின் பின்சக்கரம் 8 போல மடங்கிக் கிடந்தது. அப்பா என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். கை நடுங்கியது. "நாளைக்குப் பாய்ட்டப் போவோம்" என்றார், அவ்வளவுதான்.

பாய் எங்கள் ஊர் மெக்கானிக். முதலில் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டும் வைத்தார். ("ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடியில தலைய விடக்கூடாது தம்பி.") கை பிரேக்கை இழுத்து, விட்டு, சக்கரங்களைக் கையால் சுற்றச் சொன்னார். வலதுபக்கம் கொஞ்சம் உரசிக்கொண்டு சுற்றியது. இடதுபக்கம் அசையவே இல்லை.

அவர் சொல்லித்தந்ததை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

டிரம் பிரேக்கில் கை பிரேக் சுலபமான சமாச்சாரம். கேபிள் இழுத்தால் உள்ளே இருக்கிற ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கும். டிரம் சுற்ற முயன்றால் அந்தச் சுற்றே ஷூவை இன்னும் இறுக்கும். டிஸ்க்கில் அந்தச் சலுகை கிடையாது. 1902-லேயே இங்கிலாந்தில் பிரடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1953-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நாலு சக்கரத்திலும் டிஸ்க் போட்ட ஜாகுவார் ஜெயித்தது. ஓடுகிற வண்டியை நிறுத்த டிஸ்க் கெட்டிக்காரன் என்பது அதோடு தெரிந்துபோனது. நிற்கிற வண்டியைப் பிடித்து வைக்கத்தான் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். சில கார்களில் டிஸ்க்கின் நடுவிலேயே கை பிரேக்குக்கென்று ஒரு குட்டி டிரம் இருக்கும். எங்கள் காரில் கேலிப்பரின் முதுகில் ஒரு சின்ன லீவர். கேபிள் அதை இழுத்தால் உள்ளே ஒரு திருகு நகர்ந்து பிஸ்டனைத் தள்ளும், பேட் டிஸ்க்கைப் பிடிக்கும். விட்டால் ஒரு ஸ்பிரிங் அந்த லீவரைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். வராவிட்டால் அதுதான் நோய்.

கை பிரேக் 'ஒட்டுவதில்' மூன்று வகை உண்டாம். முதல் வகை, மழையில் நனைந்த வண்டியைக் கை பிரேக் போட்டு இரவெல்லாம் நிறுத்தினால் டிஸ்க் லேசாகத் துருப்பிடித்து பேட் ஒட்டிக்கொள்ளும். காலையில் கிளப்பும்போது 'டக்' என்று ஒரு சத்தத்தோடு விட்டுவிடும். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது, கேபிள். மேலுறைக்குள் தண்ணீர் போய், உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்துத் திரும்பி வராது. மூன்றாவது, கேலிப்பர் லீவரே இறுகிப்போவது. லீவர் தண்டைச் சுற்றி இருக்கிற ரப்பர் கிழிந்தால் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும்.

எது என்று கண்டுபிடிக்கும் வழி ரொம்ப எளிது. கேபிளை லீவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். லீவர் தானாகத் திரும்பி அதன் தடுப்பில் போய் முட்டினால் குற்றவாளி கேபிள். அப்படியும் வராவிட்டால் கேலிப்பர். வலதுபக்கம் கழற்றியதும் லீவர் 'டப்' என்று திரும்பியது. இடதுபக்கம் கழற்றியும் அப்படியே நின்றது. ரப்பர் கிழிந்து, உள்ளே செம்மண் நிறத்தில் துரு. தூத்துக்குடி உப்புக்காற்று ஆரம்பித்து வைத்திருக்கும், ஆரியங்காவு கணவாய் வழியாக ஜூனில் நுழைகிற எங்கள் ஊர்ச் சாரல் முடித்து வைத்திருக்கிறது.

அதோடு இன்னொன்றும் வெளியே வந்தது. வாங்கின புதிதில் கை பிரேக் ரொம்ப மேலே வருகிறது என்று அப்பா எங்கேயோ கேபிளை முறுக்கி வாங்கியிருக்கிறார். பேட் தேயத் தேய பிஸ்டன் தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதி இந்தக் கேலிப்பர்களில் உண்டு. கேபிளை அளவுக்கு மேல் முறுக்கினால் லீவர் தடுப்பைத் தொடவே தொடாது, அந்த வசதியும் சரியாக வேலை செய்யாது.

"எட்டு மாசம் கை பிரேக்கே போடலயா?" என்று கேட்டார் பாய்.

"ஒட்டுமேன்னு போடல" என்றார் அப்பா.

"போடாததுனாலதான் அண்ணாச்சி மொத்தமா இறுகிப் போச்சு. தினம் அசைஞ்சிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது."

எங்களுக்கு வகுப்பில் தேய்மானம் என்று ஒரு பாடம். சொத்து உழைக்க உழைக்க மதிப்புக் குறையும், வருசாவருசம் அதைக் கணக்கில் எழுத வேண்டும். உழைக்கவிடாமல் வைத்ததால் கெட்டுப்போன சொத்தை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

இடதுபக்கத்துக்கு இரண்டு வழி சொன்னார் பாய். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஆட்டி ஆட்டி இப்போதைக்கு ஓட வைக்கலாம், ரப்பர் கிழிந்திருப்பதால் அடுத்த சாரலுக்கு மறுபடி வரும். இல்லையென்றால் புது கேலிப்பர். செலவைக் கேட்டதும் என் முகமே சுருங்கியது. 'டைரக்ட்' கொடுக்கிற அப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். "புதுசே போட்ருங்க பாய்" என்றார். பிறகு, "எம்மவ சைக்கிள எடுத்துக்கிட்டு நின்னா" என்றார். பாய்க்கு அது என்ன என்று புரிந்திருக்காது.

வேலை நடக்கும்போது நான் உதவி என்ற பெயரில் வலதுபக்கப் பிஸ்டனை நெட்டித் தள்ளப் பார்த்தேன். அசையவில்லை. பாய் சிரித்துவிட்டு, இந்த மாதிரி பிஸ்டனைத் திருகிக்கொண்டேதான் உள்ளே அனுப்ப வேண்டும், நெட்டினால் உள்ளே இருக்கிற திருகு கெட்டுவிடும் என்றார். கேலிப்பர் வழுக்கி நகர்கிற பின்களைத் துடைத்து, அதற்கென்று இருக்கிற கிரீஸைத் தடவினார். சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடுமாம். பேடிலும் டிஸ்க்கிலும் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது.

பிரேக் ஆயிலையும் மாற்றினார். பழையது காப்பி டிகாக்‌ஷன் மாதிரி வந்தது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயேகூடக் கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி. பெடலை மிதித்தால் கால் தரைக்குப் போகும், வண்டி நிற்காது. அந்த எட்டு மாதத்தில் பாலருவிக்குப் போய்விட்டு கோட்டைவாசலிலிருந்து புளியரை இறக்கத்தில் குடும்பத்தோடு இறங்கியிருக்கிறோம், ஒட்டிய பிரேக்கோடு, இந்த ஆயிலோடு. கல் வைத்து நிறுத்தியது நிற்கிற வண்டியை மட்டும்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் பாய் பெடலை மிதிக்கச் சொல்லி ஏர் எடுத்தார். "மிதிங்க... பிடிங்க... ம், விடுங்க." பெடல் கல் மாதிரி ஆனபிறகுதான் கேபிளைக் கட்டினார். இரண்டு லீவரும் தடுப்பைத் தொட்டு நிற்கிறதா என்று என்னையே குனிந்து பார்க்கச் சொன்னார். தொட்டு நின்றன.

வீட்டில் நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். தினமும் கை பிரேக்கைப் போட்டு எடுங்கள். ஓட்டிவிட்டு நிறுத்தியதும் இரண்டு பின்சக்கரங்களின் பக்கத்திலும், தொடாமல், உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒருபக்கம் மட்டும் அனலடித்தால் மெக்கானிக்கிடம் போங்கள். மழைக்காலத்தில் சமதளத்தில் இரவு முழுக்க நிறுத்துவதாக இருந்தால் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டையும் கொடுத்துவிட்டுக் கை பிரேக்கை விட்டுவைக்கலாம். கழற்றி மாட்டுகிற வேலையை யூடியூப் பார்த்துச் செய்யாதீர்கள்.

இந்த வருசம் சாரல் தொடங்கியதும் மறுபடி ஐந்தருவிக்குப் போனோம். அதே சரிவு. அப்பா கை பிரேக்கை இழுத்தார். பழக்கதோசத்தில் நான் கதவைத் திறந்து டிக்கிக்கு ஓடப்போனேன்.

"இருலே. நிக்கும்" என்றார்.

நின்றது. குளித்துவிட்டு வந்து விட்டபோது விட்டது. மேலகரம் வந்ததும் இறங்கி இரண்டு சக்கரத்திலும் கையைக் காட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒரே சூடு. தங்கச்சி கேலியாகப் பார்த்தாள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

கருங்கல் இப்போது எங்கள் முருங்கை மரத்தடியில் கிடக்கிறது. ஆச்சி அதன்மேல் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். சீசனுக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். வரும்போது கை பிரேக்கை ஒருதரம் பார்த்துவிட்டு வாருங்கள்.