எல்லாம் எக்ஸெப்ஷன்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் என் மானத்தைக் காப்பாற்றி வந்த சொல் எக்ஸெப்ஷன். ஏன் சார் என்று யார் கேட்டாலும், "அது எக்ஸெப்ஷன், மனப்பாடம் பண்ணிக்கோ" என்பேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் வாடகைக்கு இடம், ஃபீஸ் முன்கூட்டியே வாங்கியாயிற்று. வாத்தியாருக்கே தெரியாது என்று வெளியே போனால் அடுத்த பேட்ச்சுக்கு யார் வருவார்கள்?

டென்ஸ் நடத்தும்போது இந்தப் பித்தலாட்டம் வெளியே தெரியாது. அட்டவணை போட்டுச் சமாளித்துவிடலாம். மோடல்ஸ் வந்தால்தான் சிக்கல். கேன், குட், மே, மைட், ஷல், வில், மஸ்ட் எல்லாமே சின்னச் சின்னச் சொற்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நூறு ஏன்.

முதலில் ஷல், வில். ஐ, வீ வந்தால் ஷல், மற்றவற்றுக்கு வில். உறுதியோ மிரட்டலோ என்றால் அப்படியே தலைகீழ். இதைப் பலகையில் கட்டம் போட்டு எழுதி, ஒப்பிக்கவைத்து, பரீட்சையும் வைத்தேன். வகுப்பு முடிந்து படியிறங்கும்போதே அதே பிள்ளைகளிடம் "ஐ வில் கால் யூ" என்பேன். டீ குடிக்கக் கிளம்பும்போது "ஷல் வீ கோ" என்று கேட்பதைத் தவிர ஷல் என் வாயில் வந்ததே இல்லை. நானே பேசாத ஆங்கிலத்துக்குப் பிள்ளைகளிடம் மதிப்பெண் குறைத்தேன்.

அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடுதான் தேடிப் படித்தேன். 1653-ல் ஜான் வாலிஸ் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இந்த விதி இருக்கிறது. வாலிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதப் பேராசிரியர். முடிவிலிக்குப் படுத்த எட்டைக் குறியாகக் கொடுத்தவரும் அவர்தான். புத்தகத்தை எழுதியது லத்தீனில். பிறகு வந்த இலக்கணக்காரர்கள் அதை இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். 1906-ல் ஃபவ்லர் சகோதரர்கள் என்ற இலக்கணக்காரர்கள் ஒரு உண்மையைப் போட்டு உடைத்தார்கள்: தெற்கு இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்கு இது இயல்பாகவே வரும், மற்றவர்கள் கற்றுத் தேறுவது பெரும்பாடு. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும் அயர்லாந்துக்காரர்களுக்கும் ஷல் போடத் தெரியாது என்று கேலி பேசுவதே அந்தக் காலத்தில் வழக்கமாக இருந்திருக்கிறது. அதையெல்லாம் அறியாமல், ப்ளஸ் டூ முடித்துவிட்டு வந்த பிள்ளைகளின் விடைகளைச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருந்தேன்.

அதைவிட மோசமாக நடந்துகொண்ட இடம் ஒன்று உண்டு. ஒரு பெண். முன்வரிசையில் உட்காருவாள், எதற்கும் முதலில் கை தூக்குவாள். "என்னால் நாளைக்கு வர முடியாது" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். "பை மீ கேனாட் கம் டுமாரோ" என்று எழுதியிருந்தாள். நோட்டை வாங்கி, ராகம் போட்டு வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அதற்குப் பிறகு அவள் கை தூக்கவில்லை. கோர்ஸ் முடியும்வரை வந்தாள், அவ்வளவுதான்.

அவள் எழுதியதை இப்போது நினைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது, அவளுக்காக அல்ல. நம் பேச்சைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எனக்கு நீந்தத் தெரியும். என்னால் தூக்க முடியும். நான் போகலாம். எனக்குப் பணம் வேண்டும், ஆனால் நான் போக வேண்டும். நம் துணைவினைகள் ஆளைப் பார்த்து 'உனக்கு' வேண்டுமா, 'உன்னால்' வேண்டுமா, வெறும் 'நீ' போதுமா என்று கேட்டுத்தான் வாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்தப் பேச்சே இல்லை. தெரிந்தாலும் முடிந்தாலும் போகலாமென்றாலும் போயே ஆகவேண்டுமென்றாலும் முன்னால் நிற்பது ஐ ஒன்றுதான். அந்தப் பெண் 'ஆல்' உருபை ஒழுங்காக அடையாளம் கண்டு, அதற்கு ஈடான ப்ரிபொசிஷன் பை என்று தேடிப்பிடித்து, ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் ஐ வராது, மீ ஆகிவிடும் என்பதையும் நினைவு வைத்து எழுதியிருந்தாள். வகுப்பில் இரண்டு மொழியையும் ஒழுங்காக யோசித்தவள் அவள் ஒருத்திதான். ஆங்கிலத்தில் மோடலுக்கு முன்னால் ப்ரோநவுனுக்கு உருபு ஏறாது என்ற ஒரு வரியை நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த வரி தெரியாது. தெரியாததை மறைக்கச் சிரிப்பு கைகொடுத்தது.

'ஹீ கம்ஸ்' என்கிறோம், 'ஹீ கேன்ஸ்' என்று ஏன் சொல்வதில்லை என்று ஒரு பையன் கேட்டான். எக்ஸெப்ஷன். உண்மையில் அதற்குப் பின்னால் நல்ல கதை இருக்கிறது. கேன், மே, ஷல் எல்லாம் பழைய ஆங்கிலத்தில் இறந்தகால வடிவம் எடுத்து நிகழ்காலத்தைச் சொன்ன வினைகள். இறந்தகாலத்தில் ஹீ வந்தாலும் எஸ் ஒட்டாதே. ஹீ கேம் என்பது போலத்தான் ஹீ கேன். ஜெர்மனிலும் இன்றுவரை ஐ-க்கும் ஹீ-க்கும் ஒரே 'கான்'தான். கேனுக்கு ஆதிப்பொருள் அறிதல். எனக்கு நீந்தத் தெரியும் என்று நாம் சொல்கிற அதே இடத்தில்தான் ஆங்கிலேயனும் நின்றிருக்கிறான். இதைச் சொன்னால் பையன்கள் ஒரு நாளும் எஸ் போடமாட்டார்கள். நான் சொன்னதோ மனப்பாடம்.

ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் மோடல் நிற்காது என்பதையும் அரைகுறையாகத்தான் நடத்தினேன். இன், ஆஃப், வித்தவுட் இவற்றுக்குப் பின்னால் ஐஎன்ஜி வடிவம் வேண்டும். கேனுக்கு ஐஎன்ஜி கிடையாது. அதனால்தான் 'பீயிங் ஏபிள் டு' என்று சுற்றிவளைக்க வேண்டியிருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டு ஏபிள் டு-வை மட்டும் தனியாக எழுதிப்போட்டேன். பிள்ளைகள் அதைக் கேனுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்து 'கேன் ஏபிள் டு' ஆக்கினார்கள். தவறு என்று நூறு தரம் எழுதவைத்தேன். ஒருநாள் ஃபோனில் ஒரு பெற்றோரிடம் என் ஆங்கிலத்தைக் காட்டப்போய், "யுவர் சன் கேன் ஏபிள் டு ஸ்பீக் வெல்" என்று நானே சொன்னேன். வாசலில் நின்ற பையன் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். யூஸ்டு டு பற்றிக் கேட்காதீர்கள். 'ஐ யூஸ்டு டு வாக்' என்பதில் உள்ள டு வேறு, 'ஐ ஆம் யூஸ்டு டு வாக்கிங்' என்பதில் உள்ள டு ப்ரிபொசிஷன் என்பதே எனக்கு வகுப்பு நடத்த ஆரம்பித்து நெடுநாள் கழித்துத்தான் உறைத்தது.

இதுவரை சொன்னதெல்லாம் மதிப்பெண்ணோடு போயிற்று. ஒன்று அப்படிப் போகவில்லை. ஒரு மாணவனுக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தான். 'யூ மே அப்பியர் வித் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்ஸ்' என்று இருந்தது. ஒரிஜினல் அவன் படித்த கல்லூரியில் இருந்தது, ஃபீஸ் பாக்கி. கடன் வாங்கிக் கட்டி எடுக்கட்டுமா சார் என்று கேட்டான். நான் கடிதத்தை விரலால் தட்டி, "மே என்றால் அனுமதி. கொண்டு வரலாம், அவ்வளவுதான். கட்டாயம் என்றால் மஸ்ட் போட்டிருப்பான்" என்றேன். இலக்கணப்படி நான் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அலுவலகக் கடிதத்தில் மே போடுவது மரியாதைக்கு. உள்ளே இருப்பது உத்தரவு. கோப்பில் 'மே பீ அப்ரூவ்டு' என்று எழுதுபவர் அனுமதியா கொடுக்கிறார்? சட்டத்தில் மே என்று இருப்பதைச் சில இடங்களில் ஷல் என்றுதான் படிக்க வேண்டும் என்று நம் நீதிமன்றங்களே சொல்லியிருக்கின்றன. நான் இலக்கணப் புத்தகத்தை மட்டும் பார்த்தேன்.

அட்டெஸ்ட் செய்த ஜெராக்ஸோடு போனவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாலையில் வகுப்புக்கு வந்து சொன்னான். புது பேட்ச் உட்கார்ந்திருந்தது. அவர்கள் முன்னால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆஃபீஸ் லெட்டரை இப்படியா படிக்கிறது? நாலு பேரைக் கேட்டிருக்க வேண்டாமா?" அவன் "சரி சார்" என்றான். நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஏதோ ஒரு பதில் வைத்திருப்பேன்.

அவனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. நம்பர் இருக்கிறது. என் பெயர் போட்ட நோட்ஸ் கீழே ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங்கோடு இன்றும் விற்கிறது. மோடல்ஸ் பக்கத்தில் அதே ஷல்–வில் கட்டம், அதன் கீழே 'எக்ஸெப்ஷன்ஸ்' என்று ஒரு நீண்ட பட்டியல், மே-க்கு நேரே 'அனுமதி' என்று ஒற்றைச் சொல். திருத்திக் கொடுத்தால் கடைக்காரர் புது மாஸ்டர் காப்பி போட்டுக்கொள்வார். ஜூனில் அடுத்த பேட்ச். பழைய கட்டிலேயே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அது தீரட்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.