ஃபெராரின்னா கார் மட்டுமில்லீங்க

ஃபெராரின்னா உங்களுக்குக் கார்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு ட்ரெண்டோ ஊர் பாட்டில். (ரெண்டுக்கும் சொந்தம் கிடையாது, பேர்ப் பொருத்தம் அவ்ளோதான்.) ஜூலியோ ஃபெராரின்னு ஒருத்தர் பிரான்ஸ் போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்து, 1902ல இந்த இத்தாலி மலையூர்ல ஆரம்பிச்சது.

நுரைக்கிற ஒயின்ல ரெண்டு ரகம். ப்ரொசெக்கோவுக்குப் பெரும்பாலும் பெரிய தொட்டியிலதான் நுரை பிறக்குது. ட்ரெண்டோவுல அப்படியில்ல. சாதா ஒயினோட ஈஸ்ட்டும் சர்க்கரையும் சேர்த்து, ஒவ்வொரு பாட்டிலையும் மூடி, உள்ளேயே மறுபடி புளிக்க விடணும். அப்புறம் அந்த ஈஸ்ட் வண்டலோடயே குறைஞ்சது 15 மாசம் கிடக்கணும், ரிசர்வான்னா 36. பேக்கரி வாசம் வர்றது அதனாலதான். ஷாம்பெயினுக்கும் இதே வேலைதாங்க! ஆனா ஐரோப்பிய யூனியன்ல 1994க்கு அப்புறம் ஷாம்பெயின் முறைன்னு மத்தவங்க லேபிள்ல போடக்கூடாது. அதனால 'மெட்டோடோ கிளாசிக்கோ'ன்னு இருக்கான்னு பாருங்க.

சாதா ப்ரூட் அங்கே 20 யூரோ பக்கம். கல்யாணநாள் வரட்டும்னு பூட்டி வைக்க வேண்டாத விலை. என்னைக் கேட்டா அதுதான் விஷயமே. செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கே திறக்கலாம்.

சாப்பாடுன்னா... அந்த மலைப்பக்கத்து ட்ரவுட் மீன், புகை போட்ட ஸ்பெக், ட்ரெண்டின்கிரானா சீஸ் எல்லாமே சேரும். ஆனா என் ஓட்டு பொரிச்ச கணவாய்க்குத்தான். புளிப்பும் குமிழியும் நாக்குல ஒட்டின எண்ணெயை வழிச்செடுத்துடும். அடுத்த துண்டும் முதல் துண்டு மாதிரியே ருசிக்கும்.

கேக்கோட மட்டும் வேண்டாம். இனிப்புக்கு முன்னால ப்ரூட் வெறும் புளிப்பாத் தெரியும். விசேஷத்துல எல்லாம் கேக் வெட்டுறப்பதான் ஊத்துறாங்க, கொடுமை :-)