றொக்கி மலையிற் கூடார வாசம்

மலையைத் தூரத்தே நின்று பார்ப்பது வேறு. அதன் அடியில் நிலத்திற் படுத்து ஓரிரவு உறங்கி எழுவது வேறு. இவ்வுண்மையை அறுபது வயதைக் கடந்த பின்னரே நான் அறிந்துகொண்டேன்.

என் தம்பி கனடாவின் மேற்கிலுள்ள கல்கரி நகரில் வாழ்கிறான். 1992ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றவன். சென்ற ஓகஸ்ட் மாதத்தில் அவனைக் காணச் சென்றிருந்தேன். "அண்ணா, ஐந்து நாள் மலைக்குப் போய் வருவோம். விடுதி வேண்டாம், கூடாரம் அடித்தே தங்குவோம்" என்றான். தம்பி, அவன் மனைவி, பன்னிரண்டு வயதுப் பெறாமகள், எட்டு வயதுப் பெறாமகன், நான் ஆகிய ஐவரும் அதிகாலையிற் புறப்பட்டோம். கூடாரம் இரண்டு, கம்பளிப் பைகள் ஐந்து, எரிவாயு அடுப்பு ஒன்று, அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் ஆகியன மோட்டார் வண்டியின் பின்புறத்தை நிறைத்தன.

கல்கரிக்கு மேற்கே சிறிது தூரம் வரை புல்வெளியே. பின்னர், யாரோ மதில் எழுப்பி வைத்தாற்போல மலைகள் திடீரென எழுந்து நிற்கின்றன. மலைக்குள் நுழைந்ததும் நெடுஞ்சாலைக்கு மேலே குறுக்காக ஒரு பாலத்தைக் கண்டேன். அதன்மேல் புல்லும் மரமும் வளர்ந்திருந்தன. "இப்பாலத்தாற் போவோர் யார்?" என்று வினவினேன். "கரடி, ஓநாய், மான்" என்று பிள்ளைகள் இருவரும் ஒரே குரலிற் கூறினர்.

பான்ஃப் தேசியப் பூங்காவின் நடுவே நெடுஞ்சாலை செல்வதனால், முன்னர் எண்ணிறந்த விலங்குகள் வண்டிகளில் அடிபட்டு மடிந்தன. ஆகவே சாலையின் இருமருங்கும் வேலியிட்டு, மேலே 6 பாலங்களும் கீழே 38 சுரங்க வழிகளும் அமைத்தனர். அதன் பின் விபத்துக்கள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற் குறைந்துவிட்டன. 1885ஆம் ஆண்டில் இங்குள்ள வெந்நீர் ஊற்றுக்களைச் சூழ்ந்த சிறு நிலத்தை அரசாங்கம் ஒதுக்கியது. அதுவே கனடாவின் முதலாவது தேசியப் பூங்காவாக வளர்ந்தது. ஆயினும் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இம்மலைகளில் வேட்டையாடி வாழ்ந்த ஸ்ரோனி நகோடா மக்கள், பூங்கா அமைந்தபின் இங்கே வேட்டையாடுவதினின்றும் விலக்கப்பட்டனர் என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

முதலிரவு லூயிஸ் ஏரிக்கு அண்மையிலுள்ள கூடார முகாமிற் தங்கினோம். முகாமைச் சுற்றி மின்சார வேலி ஒன்று ஓடுகிறது. நம் ஊரில் ஆட்டையும் மாட்டையும் வேலிக்குள் அடைப்போம். இங்கோ மனிதர் வேலிக்குள், கரடி வெளியே! உணவுப் பொருள், சமைத்த பாத்திரம், சவர்க்காரம், பற்பசை என மணமுள்ள எதையும் கூடாரத்தில் வைத்தலாகாது. வண்டிக்குள்ளேனும் இரும்புப் பெட்டிக்குள்ளேனும் பூட்டிவிடவேண்டும் என்பது இங்குள்ள சட்டம்.

இரவானதும் குளிர் எலும்பைத் தொட்டது. நுவரெலியாக் குளிரைப் பெரிதென எண்ணியிருந்த எனக்கு இது புதிய பாடம். நித்திரை வரவில்லை. பசி வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்தித்துறை வடைப் பொட்டலம் ஒன்று என் பையில் இருந்தது. இருட்டில் மெல்ல எடுத்து ஒன்றைக் கடித்தேன்.

"பெரியப்பா! வெளியே ஏதோ கடிக்கிறது!" என்று பெறாமகன் அலறினான்.

பெறாமகள் மின்சூளைத் தட்டினாள். வடையும் கையுமாக நான் அகப்பட்டேன். தம்பியின் கூடாரத்திலிருந்து சிரிப்பொலி எழுந்தது. ஆனால் அப்பெண் சிரிக்கவில்லை. "பெரியப்பா, மனிதர் உணவை ஒருமுறை ருசி பார்த்த கரடி திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அதைச் சுட்டுக் கொல்லவேண்டி வந்துவிடும். பிழை எங்களுடையது, தண்டனை கரடிக்கு" என்றாள். நள்ளிரவில் அவளுக்குப் பின்னே நடந்து சென்று, பொட்டலத்தை வண்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

காலையில் லூயிஸ் ஏரியைக் கண்டோம். விக்டோரியா மகாராணியாரின் புதல்வி லூயிஸ் இளவரசியின் பெயர் அதற்கு; நகோடா மக்கள் அதனைச் சிறுமீன்களின் ஏரி என்றே அழைத்தனர். மயிற்கழுத்து நிறம் என்பேனா, மரகதம் என்பேனா! பனியாறு நகரும்போது பாறையை மாவாக அரைக்கிறது. நீரில் மிதக்கும் அந்த மாவில் ஒளிபட்டே இந்நிறம் பிறக்கிறது.

அங்கிருந்து வடக்கே ஜாஸ்பர் வரை செல்லும் பனிவெளிச் சாலை ஏறக்குறைய 230 கிலோமீற்றர் நீளமுடையது. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தோரைக் கொண்டு அமைக்கப்பெற்று, 1940இல் திறக்கப்பட்டது. வழியில் கொலம்பியாப் பனிவெளி உள்ளது. அதிலிருந்து உருகும் நீர் பசிபிக், ஆர்க்டிக், அத்திலாந்திக் ஆகிய மூன்று சமுத்திரங்களையும் சென்றடைகிறது. ஒரே மலைமுகட்டின் பனி மூன்று கடலுக்கும் பங்கிடப்படும் விந்தையை வேறெங்கு எளிதிற் காணலாம்!

அப்பனிவெளியிலிருந்து இறங்கும் அதபாஸ்காப் பனியாற்றை நோக்கி நடந்தோம். வழியெங்கும் ஆண்டைக் குறிக்கும் அடையாளங்கள் நாட்டப்பட்டுள்ளன. அவ்வாண்டில் பனியின் விளிம்பு அவ்விடத்தில் நின்றதென்பது பொருள். கடந்த நூற்று இருபத்தைந்து ஆண்டுகளில் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேலாக அது பின்வாங்கிவிட்டது. ஏறிச் செல்லும்போது 1992 என்ற எண்ணைக் கண்டு தம்பி நின்றுவிட்டான்.

"நான் இந்நாட்டில் வந்திறங்கிய ஆண்டு" என்றான். நின்ற இடத்தைச் சுற்றிலும் கல்லும் சேறுமே கிடந்தன. பனி நெடுந்தூரத்துக்கப்பால், சாம்பல் பூத்துக் கிடந்தது. "நான் பிறந்தபோது எங்கே நின்றது?" என்று கேட்டுக்கொண்டு பெறாமகன் முன்னே ஓடினான். பெறாமகள் தந்தையைப் பார்த்து, "அப்பா, எங்கள் வண்டிப் புகையும் இதற்குக் காரணந்தானே?" என்று கேட்டாள்.

தம்பி விடை கூறவில்லை. ஆகாய விமானத்தில் பாதி உலகைக் கடந்து வந்த நானும் கூறவில்லை. முன்னிரவு அவள் சொன்ன வார்த்தைகளே என் காதில் ஒலித்தன. பிழை எங்களுடையது.

ஜாஸ்பர் பட்டினத்தை அணுகும்போது இருமருங்கும் கருகிய மரங்கள் நின்றன. 2024 யூலையில் மூண்ட காட்டுத்தீ அப்பட்டினத்தின் கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை எரித்துவிட்டது. ஆயினும் கரிந்த நிலத்தில் ஊதாநிறப் பூச்செடிகள் தலைகாட்டின. இங்குள்ள ஒருவகைப் பைன் மரத்தின் காய்கள் பிசினால் இறுக மூடியிருக்கும்; தீயின் வெப்பத்திலேதான் அவை விரிந்து விதையைச் சிந்தும். காடு மீண்டும் எழும் என்று தேறினேன். பின்வாங்கிய பனி எம் பிள்ளைகளின் காலத்திலேனும் திரும்பிவரும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

கடைசி நாள் மாலை, பொழுது சாயுமுன்னர், மிகுதி வடைகளை ஐவரும் பகிர்ந்து உண்டோம். உண்டு முடித்ததும் பிள்ளைகள் இருவரும் மேசையின் கீழே குனிந்து, உதிர்ந்த துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினர். முழங்கால் நோவை மறந்து நானும் அவர்களோடு குனிந்தேன்.