பாட்டிலும் கரண்டியும்

மயிலாப்பூர் லஸ் முனையில் பன்னீர் சோடா குடிக்க நின்றேன். கடைப் பையன் காலி பாட்டில் ஒன்றை ஓப்பனரால் தட்டிக்கொண்டிருந்தான். தகிட தகிட, தகிட தகிட. அசல் திஸ்ரம். கழுத்தில் தட்டினால் ஒரு நாதம், வயிற்றில் தட்டினால் இன்னொன்று. சோடா தீர்ந்தும் நகர மனசு வரவில்லை.

அந்தத் தட்டல் எனக்கு ஒரு ஊரை ஞாபகப்படுத்தியது. இலங்கையில் புத்தளத்துக்குப் பக்கம் சிரம்பியடி. அங்கே சில குடும்பங்களின் முன்னோர், அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அவர்கள் கூடினால் ‘மஞ்ஞா’ பாட்டுதான். கண்ணாடி பாட்டில், கரண்டி, இரண்டு சிரட்டை, ரபான் மேளம். மெதுவாக ஆரம்பித்து வேகம் ஏறிக்கொண்டே போகும். ஒளிப்பதிவில் பார்த்த எனக்கே கால் தரையில் நிற்கவில்லை. பாட்டு கிரியோல் போர்த்துகீசியத்தில். வீட்டில் பேசுவதோ சிங்களம். பேச்சிலிருந்து அநேகமாகப் போய்விட்ட மொழி, பாட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

இலங்கைத் தமிழர் அவர்களைக் காப்பிலி என்பார்கள். நம் பக்கம் காப்பிரி.

அந்தச் சொல் எனக்கு ஆறு வயதிலேயே தெரியும். சித்திரக்குளத்துப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில், பாட்டி என்னை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி உட்கார வைத்துத் தலை வாருவாள். காய்ச்சின தேங்காய் எண்ணெய் நெற்றியில் வழியும். மரச்சீப்பு பாதியில் நின்றுவிடும். “காப்பிரித் தலைடி உனக்கு! சீப்புப் பல்லெல்லாம் போச்சு.” காப்பிரின்னா யார் பாட்டி என்று கேட்டேன். “கறுப்பா, சுருட்டை முடியா, எங்கேயோ கப்பல்ல இருப்பா.” பாட்டி அவர்களில் யாரையும் பார்த்ததில்லை. அவள் பாட்டி சொன்னதைச் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முடியை அழுத்திக்கொள்வேன். கப்பலில் இருப்பவர்கள் என்னைத் தங்கள் பெண் என்று அழைத்துப்போய்விடுவார்களோ என்று பயம்.

அராபியர் வாயிலிருந்து போர்த்துகீசியர் வாய்க்கு வந்த சொல் காப்பிரி. திண்ணையிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் லஸ் மாதா கோயில் இருக்கிறது. நாங்கள் சொல்வது காட்டுக்கோயில். போர்த்துகீசியர் 1516-இல் கட்டியதாகக் கல்வெட்டு சொல்கிறது. அந்தச் சொல்லும் இந்தக் கரையிலேயே இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கொச்சியில் கப்பிரி முத்தப்பனுக்குச் சுருட்டும் கள்ளும் வைத்துக் கும்பிடுகிறார்கள். டச்சுக்காரர்கள் 1663-இல் ஊரைப் பிடித்தபோது, போர்த்துகீசியர் புதையலோடு சேர்த்துக் கொன்று புதைத்த அடிமைகளின் ஆவி அது என்று கதை. அங்கே சாமி. எங்கள் திண்ணையில் வசவு. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

பாட்டு மட்டும் அந்த வசவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. இலங்கையின் பைலா இசை, போர்த்துகீசியப் பாட்டும் ஆப்பிரிக்கத் தாளமும் கலந்து பிறந்தது. அதைப் பாடகர் சிலோன் மனோகர் ‘சுராங்கனி’யாக இங்கே கொண்டுவந்தார். அவர் 2018-இல் காலமானதும் சென்னையில்தான். மெட்ராஸிலிருந்து சுற்றுலா கிளம்பிய எந்தப் பள்ளிக்கூட பஸ்ஸில் அந்தப் பாட்டுக்குக் கை தட்டவில்லை?

குஜராத்தில் ரத்தன்பூரில் சித்தி சமூகத்தார் இருக்கிறார்கள். அவர்களும் ஆப்பிரிக்க வம்சம். பாவா கோர் தர்காவின் உரூஸில் முகர்மான் மேளம் முழங்க ‘கோமா’ ஆடுவார்கள். தேங்காயை உயர வீசி, விழும்போது தலையில் ஏந்தி உடைப்பார்கள். ஆடிப் பெருக்கையொட்டி மகாதானபுரம் கோயிலில் பக்தர் தலையில் தேங்காய் உடைபடுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது அன்னியமா என்ன? ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழா நடக்கும்போது, கோலப்போட்டி முடிந்த வடக்கு மாட வீதியில் அந்தச் சித்திகள் ஒரு சாயங்காலம் ஆட வேண்டும், சிரம்பியடிக்காரர்கள் பாட்டிலும் கரண்டியுமாக வந்து உட்கார வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

“யாருப்பா சொல்லிக் கொடுத்தா?” என்று சோடாக் கடைப் பையனைக் கேட்டேன். “யாரும் இல்லம்மா, கை தானா போவுது.”

என் பேத்திக்கும் அதே சுருட்டை முடி. நான் சீப்பை எடுப்பதில்லை. எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, சிக்கை ஒவ்வொன்றாக விரலால் பிரித்துவிடுகிறேன். அவள் என் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருப்பாள்.