வானம் எத்தனை தோய்ப்பு?

வானத்தை அண்ணாந்து பாராத மனிதர் உலகில் இலர். ஆயினும், பார்த்ததைப் பார்த்தவாறே பிறர்க்கு எடுத்துரைக்க வல்லவர் எத்துணைப் பேர்? இவ்வினாவை யாம் எம்மையே கேட்டுக்கொள்ள நேர்ந்த வரலாற்றை, இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் சமுதாயப் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

எம் இல்லம் புதுவை முத்தியால்பேட்டையில், மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தொலைவில் உள்ளது. கிழக்கே சிறிது நடந்தால் சோலைநகர்க் கடற்கரை. தறியோசையும் அலையோசையும் கலந்து ஒலித்த பகுதியில் வளர்ந்தவர் யாம். எம் வாப்பா நூலுக்குச் சாயம் தோய்க்கும் தொழிலில் நாற்பதாண்டுகளைக் கழித்தவர். நீலமே அவர்தம் தனிப்புலமை.

புதுவைக்கும் நீலத்துக்கும் உள்ள உறவு பழைமையானது. 19ஆம் நூற்றாண்டில், அவுரி நீலம் தோய்த்த புதுவைத் துணிகள் பிரெஞ்சு வணிகர்களின் கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் நாடு வரை சென்றன. 1897இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் வணிகமுறையில் வெளிவந்தபின் அவுரிப் பயிர் நலிவுற்றது. எனினும், அவுரிக் காலத்துக் கணக்கு ஒன்று மட்டும் எம் பாட்டனார் வழியாக வாப்பாவுக்கு வந்து சேர்ந்தது. அவுரித் தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் மஞ்சளோடிய பச்சையாகத் தோன்றும். காற்றுப் பட்டவுடன் நீலமாக மாறும். மீண்டும் தோய்த்தால் நீலம் மேலும் ஆழமாகும். ஆகவே நீலத்தை அவர்கள் பெயரால் அழைப்பதில்லை, எண்ணால் அழைத்தனர். ஒரு தோய்ப்பு, மூன்று தோய்ப்பு, எட்டுத் தோய்ப்பு என்பதே அவர்களின் வழக்கு.

அத்தகைய கண்களைக் கிளாக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய் சிறிது சிறிதாகக் கவர்ந்துகொண்டது. ஓரத்திலிருந்து ஒளியைத் தின்றுகொண்டே வரும் நோய் அது. இழந்த பார்வையை மீட்க மருத்துவம் இல்லை. 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வாப்பாவின் உலகம் முற்றிலும் இருண்டது. அவர் முறையிட்டதில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் திண்ணையில் வந்து அமர்வார். ஒருநாள் மாலை, "தம்பி, வானம் எப்படி இருக்கிறது?" என்று வினவினார்.

"மேகமூட்டமாக இருக்கிறது வாப்பா" என்றோம்.

"அது செய்தித்தாளில் வருவது. எத்தனை தோய்ப்பு என்று சொல்."

யாம் வாயடைத்து நின்றோம். ஈண்டு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். யாம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே முல்லைப் பாடல்களில் கார்காலம் என்பதுதான். முகில், மஞ்சு, எழிலி, கொண்டல், மங்குல் என மேகத்துக்குத் தமிழில் வழங்கும் பெயர்களையெல்லாம் திரட்டி அட்டவணை இட்டவர் யாம். எழுவதால் எழிலி, நீரை முகந்து கொண்டதால் கொண்டல் என்று வகுப்பில் பன்முறை விளக்கியதும் உண்டு. ஆனால் எம் தலைக்கு மேல் நின்ற மேகம் எழிலியா, மங்குலா என்று ஒருநாளேனும் நிமிர்ந்து பார்த்தோமா? இல்லை. ஏட்டிலே மழை பெய்தது. யாம் நனையவே இல்லை.

அன்றிரவே ஒரு முடிவு செய்தோம். பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாயின் வரையக் கற்றுக்கொள்ள வேண்டும். பள்ளிப் பருவத்தில் சிறிது தூரிகை பிடித்த பழக்கம் உண்டு. ஆறங்குலத்துக்கு எட்டங்குலமாக அட்டைப் பலகைகளை அறுத்து, வெள்ளைப் பூச்சு அடித்து உலர்த்திக்கொண்டோம். எண்ணெய் வண்ணக் குழாய்கள் ஐந்து, ஆளிவிதை எண்ணெய், டர்ப்பன்டைன், துடைப்பதற்குப் பழைய கைலித்துணி. மொட்டை மாடியே எம் கலைக்கூடம்.

இத்துறையில் எமக்கு முன்சென்றோர் வரலாற்றைத் தேடிப் படித்தோம். பிரெஞ்சு ஓவியர் வலன்சியேன் 1780களில் ரோம் நகரில் வானத்தைச் சிறுசிறு எண்ணெய் ஓவியங்களாகத் தீட்டியவர். திறந்தவெளியில் வரையும் ஓவியம் எதற்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் செலவிடலாகாது, கதிரவன் எழும்போதும் விழும்போதும் அரைமணி நேரமே உண்டு என்று 1800இல் வெளிவந்த தம் நூலில் அவர் மாணவர்க்கு அறிவுறுத்தினார். ஒளி மாறிவிடும் என்பதே காரணம். 1802இல் லண்டனில் லூக் ஹோவர்டு என்னும் மருந்து வணிகர், மேகங்களைக் கீற்று, குவியல், படலம் என்று பொருள்படும் இலத்தீன் பெயர்களால் வகைப்படுத்தினார். இன்றைய வானிலையியலும் அப்பெயர்களையே வழங்குகின்றது. ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட் குன்றில் இருந்துகொண்டு வானத்தை மட்டுமே பன்முறை தீட்டினார். அவர் ஆலைக்காரர் ஒருவரின் மகன். இளமையில் காற்றாலையில் வேலை செய்தவர். காற்றை எதிர்பார்த்து வானத்தைப் படித்த கண் அது. ஓவியத்தின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைப்பது அவர் வழக்கம். யாமும் அவ்வழக்கத்தை மேற்கொண்டோம். கூடுதலாக ஒன்றையும் சேர்த்தோம்: வாப்பா சொல்லும் தோய்ப்புக் கணக்கு.

மாடியில் வரைந்து முடித்ததும் திண்ணைக்கு இறங்கி வருவோம். "உச்சியில் ஆழ்ந்த நீலம், கீழே வரவர வெளுத்து, அடிவானில் சற்றே மஞ்சள் தட்டுகிறது" என்போம். "உச்சி ஐந்து தோய்ப்பு. அடி, அலசிய நூல்" என்பார் அவர். அட்டையின் பின்புறம் அது பதிவாகும். ஒருநாள் கருமேகத்தைக் கறுப்பு வண்ணத்தால் தீட்டி, அது செத்த நிறமாகத் தெரிகிறது என்று வருந்தினோம். வாப்பா சிரித்தார். "எங்கள் பட்டறையில் நீலத்தின் மேல் சிவப்பேற்றித்தான் கறுப்பு எடுப்போம். நீ கறுப்பையே அப்பினால் அதில் மழை எப்படி இருக்கும்?" என்றார். மறுநாள் நீலத்தோடு செம்பழுப்பைக் குழைத்துப் பூசினோம். மேகம் நீர் கொண்டது.

எம் தெருப் பெரியவர் ஒருவர், ஓவியம் தீட்டுவது நம் மார்க்கத்துக்கு உகந்ததா என்று அன்போடு கேட்டதும் உண்டு. உயிருள்ளவற்றின் உருவம் குறித்தே மார்க்க அறிஞர்கள் எச்சரித்துள்ளனர் என்பதையும், உயிரற்ற இயற்கைக் காட்சிகளுக்குத் தடையில்லை என்று அவர்களுள் பலர் கூறியுள்ளதையும் பணிவுடன் எடுத்துரைத்தோம். வாப்பா குறுக்கிட்டு, அந்நூர் அத்தியாயத்தில் மேகங்கள் மெல்ல ஓட்டப்பட்டு, இணைக்கப்பட்டு, அடுக்கப்படுவதைக் காணுமாறு இறைவன் மனிதனை அழைப்பதை நினைவூட்டினார். "எனக்குக் கண் இல்லை, என் மகன் எனக்காகப் பார்க்கிறான்" என்றார். பெரியவர் எம் தோளைத் தட்டிச் சென்றார்.

ஆவணி, புரட்டாசியாகிய கார்ப்பருவத்தில் புதுவையின் மேகம் மேற்கிலிருந்து, நிலத்தின் பக்கமிருந்து வருகின்றது. காலையில் தெளிந்த வானம். மாலையில் குவியல் குவியலாக எழுந்து இடித்துப் பெய்யும். ஐப்பசி பிறந்ததும் வானம் திசை மாறுகின்றது. கூதிர்ப்பருவத்து மேகம் கடலிலிருந்து வாடையோடு வரும். அதற்குக் குவியல் இல்லை, படலமே உண்டு. இவ்வேறுபாட்டை எத்தனையோ உரைகளைப் படித்தும் யாம் உணர்ந்திலோம். மாடியில் நின்ற மூன்று மாதங்களில் உணர்ந்தோம்.

இவ்விடத்தில் எம் பிழையொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐப்பசியில் ஒரு மாலை, விடைத்தாள் கட்டுகளோடு போராடிக்கொண்டிருந்தோம். மாடிக்குச் செல்ல மனமில்லை. வாப்பா திண்ணையிலிருந்து கேட்டபோது, உள்ளிருந்தவாறே, "மேற்கே வெண்குவியல் மேகம், உச்சியில் பொன் பூசினாற்போல் ஒளிர்கிறது" என்று புனைந்துரைத்தோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "தம்பி, என் கன்னத்தில் வாடை படுகிறது. நீ சொல்லும் மேகம் இந்தக் காற்றில் வராது. பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாமே" என்றார். அக்குரலில் சினம் இல்லை. அதுவே எம்மைச் சுட்டது. இல்லாத மேகத்தை அழகுறப் புனையும் திறம் எமக்கு இருந்தது. கண்ணிழந்தவர்க்கு உண்மை சொல்லும் கடமையை மறந்திருந்தோம். அன்றைய தேதியில் ஓர் அட்டையை வெறுமையாகவே வைத்துள்ளோம்.

2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்தபின்னும் நகராமல் பல மணி நேரம் நின்று பெருமழை கொட்டியது. 1916ஆம் ஆண்டுக் கார்த்திகையில் புதுவையைச் சூறையாடிய புயலைப் பாரதியார் பாடியுள்ளமை நாம் அறிந்ததே. அப்பாடல்களை வாப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே, சன்னல் வழியாகத் தெரிந்ததை மெழுகுவத்தி ஒளியில் தீட்டினோம். "எத்தனை தோய்ப்பு?" என்றார். "தோய்ப்பே இல்லை வாப்பா, சாம்பல் கரைத்த நீர்" என்றோம். "இன்று நீ பார்த்துவிட்டாய்" என்றார். ஈரக் காற்றில் அவ்வோவியம் உலர மூன்று வாரம் ஆயிற்று. விளக்கொளிக்கு வந்த ஈசல் ஒன்றின் சிறகு இன்றும் அதில் ஒட்டியிருக்கின்றது.

முன்பனிக் காலத்தில் ஒருநாள், புதுவை மேகத்தால் வாழ்வின் பயனையே இழந்த ஒருவரின் கதையை வாப்பாவுக்குக் கூறினோம். ல ஜான்தி என்னும் பிரெஞ்சு வானியல் அறிஞர், கதிரவனை வெள்ளி கடக்கும் அரிய காட்சியைப் புதுவையிலிருந்து அளக்க 1760இல் தாயகம் விட்டுப் புறப்பட்டார். புதுவை ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால், 1761 சூன் 6இல் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலிலிருந்து அளக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்பு எட்டாண்டுகளுக்குப் பின்னர். அதுவும் தவறினால் 1874 வரை இல்லை. ஆகவே நாடு திரும்பாமல் காத்திருந்தார். 1768இல் புதுவைக்கு வந்து, இடிந்த கோட்டையின் மீது வானாய்வுக் கூடம் அமைத்தார். இங்குள்ள தமிழரிடம் கிரகணக் கணிதமும் கற்றார். 1769 சூன் 4 விடியலில், அக்காட்சி நிகழவேண்டிய நேரத்தில், மேகம் வந்து கதிரவனை மூடியது. வெள்ளி கடந்து முடிந்தபின் வானம் தெளிந்தது! 1771இல் பிரான்சு திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாகவே உற்றார் கருதியிருந்தனர்.

வாப்பா நெடுநேரம் அமைதியாக இருந்தார். பின்பு, "அந்த மேகம் எப்படி இருந்தது என்று எவரேனும் பார்த்தார்களா?" என்று கேட்டார். யாம் அவ்வாறு எண்ணியதே இல்லை. எல்லாரும் அவருக்குக் கிட்டாத வெள்ளியைப் பற்றியே பேசுகின்றோம். அன்று அவருக்குக் கொடுக்கப்பட்டது மேகம். கிட்டாததை எண்ணி ஏங்குவதா, கிட்டியதைக் கண்டுகொள்வதா என்பது எம் வாப்பா தம் இருளில் அமர்ந்து தீர்த்துக்கொண்ட வினா.

பின்பனியில், மாசித் திங்களில், 2025ஆம் ஆண்டு நோன்பு பிறக்கச் சில நாள்களே இருந்தபோது வாப்பா இறையடி சேர்ந்தார். முதல்நாள் மாலை சோலைநகர்க் கடற்கரையில் வரைந்த அட்டையே அவர் கணக்குச் சொன்ன கடைசி அட்டை. கதிரவன் மேற்கே மறைந்ததும், கிழக்கே கடலுக்கு மேல் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை எழும்; அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று படியும். கீழ்ப்பட்டை நாம் நிற்கும் பூமியின் நிழலே என்பர் அறிவியலார். அதை விளக்கியபோது, "நம் நிழல் அவ்வளவு தூரம் விழுகிறதா!" என்று வியந்தார். "மூன்று தோய்ப்பு, அதன்மேல் ஒரு கை சிவப்பு" என்றார். ஜனாஸாவைச் சுமந்து சென்ற பகலில் வானில் மேகமே இல்லை. அதை யாம் வரையவில்லை, ஆயினும் மறக்கவில்லை.

இளவேனிலும் முதுவேனிலும் வந்தன. ஆறு பருவங்களும் நிறைவுறும்வரை வரைந்தோம். மொத்தம் 61 அட்டைகள். அவற்றுள் பிற்பகுதியில் உள்ளவற்றின் பின்புறத்தில் யாமே தோய்ப்புக் கணக்கை எழுதியுள்ளோம். அது சரியா, தவறா என்று சொல்ல இப்போது எவரும் இல்லை. கலையுலகில் அவற்றுக்கு மதிப்பில்லை என்பதை நன்கறிவோம்.

ஆயினும் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. வான்சிறப்பைப் பாடம் நடத்தும் நாளில், பாரதிதாசனாரின் 'அழகின் சிரிப்பு' நூலில் வான் பற்றிய பகுதியைத் தொடங்கும் நாளில், மாணவர்களை முதலில் வகுப்புக்கு வெளியே அழைத்துச் செல்கின்றோம். புத்தகத்தை மூடிவைத்து நிமிர்ந்து பார்க்கச் சொல்கின்றோம்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்திலும் பார்வை மங்கிய முதியவர் ஒருவர் இருக்கலாம். இன்று மாலை அவர் அருகில் அமர்ந்து, வானம் எப்படி இருக்கின்றது என்று சொல்லுங்கள். ஆனால் சொல்லுமுன் வெளியே சென்று பார்த்துவிட்டு வாருங்கள்.