மோதிரக் கையால் ஒரு குட்டு!

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். சென்ற செப்டம்பர் கடைசியில் ஹிமாசலப் பிரதேசத்துக்குப் போன இடத்தில் நான் அப்படி ஒரு குட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் வீட்டுக் கதை கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

டில்லியில் இருக்கும் என் நாத்தனாரின் பெண்ணுக்குப் பத்து வயது. 'சீலியாக்' என்று ஒரு கோளாறு. கோதுமை, பார்லி, ரை இந்த மூன்றிலும் 'குளூட்டன்' என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் குழந்தையின் சிறுகுடல் புண்ணாகிவிடும். ஆயுசு முழுக்க அவற்றைத் தொடாமல் இருப்பதுதான் இதற்கு வைத்தியம். ஒரு துணுக்குகூடக் கூடாது.

இட்லியும் சாதமுமாக வளர்ந்த எனக்கு இதன் தீவிரம் புரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லாக் குழந்தைகளும் பலகாரம் தின்ன, இது மட்டும் ஏக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. சமையலறைக்குக் கூப்பிட்டு இரண்டு ரவா லட்டைக் கையில் வைத்து, "அம்மாகிட்ட சொல்லாதேடி" என்றேன். ரவைதானே, கோதுமை இல்லையே என்று என் நினைப்பு! கோதுமையை உடைத்துச் செய்வதுதான் ரவை என்பது அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவே இல்லை. ராத்திரி முழுக்கக் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அத்தைக்குத் திட்டு விழுமே என்று குழந்தையும் சொல்லவில்லை. அந்த லட்டு இரண்டு வருஷமாக என் தொண்டையிலேயே நின்றது.

இந்தத் தடவை இரண்டு குடும்பமும் சேர்ந்து மலைப் பிரதேசம் போகலாம் என்று இவர் சொன்னபோது, எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். கல்காவிலிருந்து சிம்லாவுக்குக் குட்டி ரயில். 1903 முதல் ஓடுகிறதாம். 96 கிலோ மீட்டர் தூரமும் குகைகளும் பாலங்களும்தான்! சிம்லாவிலிருந்து காரில் சட்லெஜ் நதியை ஒட்டியே ராம்பூர் வழியாகப் பயணம். மத்தியானம், ராத்திரி எங்கேயும் சாதம் கிடைத்துவிட்டது. காலை வேளைதான் கஷ்டம். எந்தக் கடையில் பார்த்தாலும் பரோட்டா, பூரி, ரொட்டி. நாங்கள் சுடச்சுடத் தின்போம்; குழந்தை தன் டப்பாவைத் திறந்து பொரியும் வாழைப்பழமும் சாப்பிடும். "எனக்கு இதுதான் பிடிக்கும் அத்தை" என்று சொல்லும். பிடிக்கும் என்று அது சொன்ன விதம் இருக்கிறதே, அதைக் கேட்க என்னால் முடியவில்லை.

கர்சம் என்ற இடத்தில் பாஸ்பா என்ற ஆறு சட்லெஜுடன் வந்து கலக்கிறது. அங்கிருந்து மலை ஏறினால் கின்னௌர் மாவட்டத்து சாங்க்லா. ஆப்பிள் தோட்டத்தின் நடுவில் ஒரு வீட்டில் தங்க இரண்டு அறை கிடைத்தது. மரமெல்லாம் சிவப்புச் சிவப்பாய்ப் பழம். எதிரே பனி மலை. மேலே மரத்தால் கட்டிய காம்ரூ கோட்டை. நம் ஊர் மார்கழியெல்லாம் அந்தக் குளிருக்குப் பக்கத்தில் நிற்க முடியாது!

மறுநாள் காலை வீட்டுக்கார அம்மாள் ஏதோ மாவைக் கரைத்துக் கல்லில் ஊற்றிக்கொண்டிருந்தார். பழுப்பு நிறத்தில் நம் கரைத்த மாவு தோசை மாதிரியே இருந்தது. பெயர் 'சில்டா' என்றார். குழந்தை ஓடிவந்து, "அத்தை, தோசை!" என்று கத்தியது. மாவு எதில் அரைத்தது என்று விசாரித்தோம். தோட்டத்துக்கு அப்பால் சிவந்த தண்டுகளோடு அறுவடைக்கு நின்ற வயலைக் காட்டி, "ஒக்லா" என்றார். நாத்தனாருக்கு உடனே புரிந்துவிட்டது. "அண்ணி, டில்லியிலே நவராத்திரி விரதத்துக்குச் சாப்பிடுவாங்களே, குட்டு! அதுதான் இது. இங்கிலீஷிலே பக்வீட்னு பேரு. வீட்! வேண்டவே வேண்டாம்" என்று குழந்தையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அதே தீபாவளிப் பார்வை!

எனக்கு ஒரு சந்தேகம். தானியங்களை விலக்கும் விரதக்காரர்கள் இதை மட்டும் எப்படிச் சாப்பிடுகிறார்கள்? "எதற்கும் உங்க டாக்டரையே கேட்டுடேன்" என்றேன். சாயங்காலம் டெலிபோன் கிடைத்தது. டாக்டர் சொன்னது இதுதான்: பெயரில்தான் வீட், கோதுமைக்கும் இதற்கும் உறவே கிடையாது. இது புல் வகையே இல்லை. குளூட்டனும் இல்லை. ஆனால் மாவாக வாங்கினால், கோதுமையும் பார்லியும் அரைத்த கல்லிலேயே இதையும் அரைத்திருப்பார்கள். அந்த மாவு ஆகாது. முழுத் தானியமாக வாங்கிப் பொறுக்கிக் கழுவிக் கொடுக்கலாம். சிலருக்கு இதுவே ஒவ்வாமல் போவதுண்டு, அதனால் முதலில் இரண்டு ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள்.

ரவையின் பெயரில் கோதுமை இல்லை, உள்ளே இருந்தது. இதன் பெயரில் கோதுமை இருக்கிறது, உள்ளே இல்லை! எனக்கு முதுகில் யாரோ தட்டின மாதிரி இருந்தது.

வீட்டுக்கார அம்மாள் மரக் களஞ்சியத்திலிருந்து போன வருஷத்து முழுத் தானியம் ஒரு படி கொண்டுவந்து தந்தார். ஒவ்வொன்றும் மூன்று மூலையுடன் கறுப்பாக, சின்ன நெருஞ்சி விதை போல இருந்தது. உரலை வெந்நீர் விட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்து, மெதுவாகக் குத்தினோம். முறம் பிடிக்க எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? புடைத்துத் தோலைப் பறக்கவிட்டதும் உள்ளேயிருந்து வெளிர் பச்சையாய்ப் பருப்பு வந்தது. கோதுமையோ பார்லியோ ஒன்றிரண்டு கலந்திருக்கிறதா என்று தட்டில் பரப்பி நாத்தனார் இரண்டு முறை பொறுக்கினாள்.

சரி, அடுப்பில் எப்படி வைப்பது? அந்தச் சமையலறையில் விடியும் முன்பே கோதுமை ரொட்டிக்கு மாவு பிசைவார்கள், தூள் பறக்கும். அப்போதுதான் எனக்கு நம் அவல் நினைவு வந்தது. அவலை ஊறவைத்து, வாழைப்பழமும் வெல்லமும் போட்டுச் சாப்பிடுவதில்லையா? அடுப்பே வேண்டாமே! எங்கள் அறையில், எங்கள் எவர்சில்வர் பாத்திரத்தில், ஆறின வெந்நீர் விட்டு ராத்திரி ஊறவைத்தேன்.

காலையில் பார்த்தால் வெண்டைக்காய் மாதிரி ஒரே கொழகொழப்பு! நாத்தனாரின் முகம் சுருங்கிவிட்டது. நான்கு தண்ணீர் விட்டு அலசியதும் வழுவழுப்புப் போய்விட்டது. பருப்பு நகத்தால் அழுத்தினாலே நசுங்கியது. டம்ளரின் அடிப்பாகத்தால் மசித்து, தோட்டத்து ஆப்பிளைத் தோல் சீவிச் சன்னமாகத் துருவிப் போட்டு, ஒரு ஸ்பூன் தேனும் விட்டேன். முதல் நாள் குழந்தைக்கு இரண்டே ஸ்பூன். அன்று முழுவதும் நாத்தனார் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்று வலி இல்லை, எதுவும் இல்லை. அதற்கடுத்த நாள் கால் கிண்ணம். அன்றும் ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் காலை, பெரிய பாத்திரம் நிறையக் கூழ் செய்து, எங்கள் தட்டுகளிலேயே அத்தனை பேருக்கும் பரிமாறினேன். இவர், நாத்தனார் புருஷன், வீட்டுக்கார அம்மாள் எல்லோருக்கும் அதே கூழ்தான். குழந்தை டப்பாவை எடுக்கப் போய், திரும்பி வந்து, "எல்லாருக்கும் இதேயா?" என்று கேட்டது. பிறகு பந்தியின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. எனக்குக் கூழ் இறங்கவில்லை. லட்டு விஷயத்தை அங்கேயே நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான் அண்ணி. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள். என்ன சமாசாரம் என்று வீட்டுக்கார அம்மாள் கேட்க, ஹிந்தியில் சொன்னாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, வெள்ளி மோதிரம் போட்ட கையால் என் தலையில் 'நொட்'டென்று ஒரு குட்டு வைத்தார்! "அத்தைக்கும் குட்டு, எனக்கும் குட்டு!" என்று குழந்தை கைகொட்டியது. அன்று பகல் சித்குல் போனோம். சுமார் 3,450 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். எத்தனை அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அன்று எதைப் பார்த்தாலும் அழகாகத்தான் இருந்தது.

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் சகோதரிகளுக்கு: தோல் நீக்கிய பச்சைக் குட்டு ஒரு கப் (சுமார் மூன்று பேருக்கு) எடுத்துக்கொள்ளுங்கள். வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் வறுத்தது, இதற்கு உதவாது. கழுவி ஆறு மணி நேரம் ஊறவைத்து, வழுவழுப்புப் போக அலசி வடியுங்கள். ஒரு ஆப்பிள், ஒரு வாழைப்பழம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் இரண்டு சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றினால் கூழ் தயார். மேலே வாதுமையோ அக்ரூட்டோ உடைத்துப் போடலாம். 100 கிராம் குட்டில் சுமார் 13 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பை அதிக நாள் வைக்காமல் வேண்டிய அளவே வாங்குங்கள். மாவு சீக்கிரம் கெட்டுவிடும். 2011-ல் டில்லியில் நவராத்திரியின்போது கெட்டுப்போன குட்டு மாவைச் சாப்பிட்டுப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. சீலியாக் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும். மிக்ஸி ஜாரும் கோதுமை படாததாக இருக்கட்டும்.

இந்தத் தீபாவளிக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ரவா லட்டு கிடையாது. பொட்டுக்கடலையை நானே வீட்டில் அரைத்து, மாலாடு பிடிக்கப் போகிறேன். எல்லாருக்கும் அதேதான்!